பழைய வீடும் புதிய பகுதியும் ஒரே வீடாக: சென்னையில் கூடுதல் கட்டுமானத்தின் அடிப்படைகள்

2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு சுயசான்று முறையில் கட்டட அனுமதி தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2,500 சதுர அடி வரையிலான மனை, 3,500 சதுர அடி வரையிலான கட்டடம், தரைத்தளம் அல்லது அதோடு ஒரு மாடி. இந்த அளவுக்குள் வரும் குடியிருப்புக்கு இணையத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அலுவலகம் ஏறி இறங்காமல் அனுமதி பெறலாம். சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அசோக் நகர், கே.கே. நகர், பெரம்பூர், நங்கநல்லூர் பக்கம் ஒரு கிரவுண்டிலோ அரை கிரவுண்டிலோ தனி வீடு வைத்திருக்கும் ஏராளமானோர் இந்த வரம்புக்குள் வருகிறார்கள்.

அதன் பிறகு ஒரு குழப்பம் பரவியிருக்கிறது. அனுமதி உடனே கிடைக்கிறதென்றால் மாடி எடுப்பதிலோ, பக்கவாட்டில் இரண்டு அறை சேர்ப்பதிலோ இனி யோசிக்க ஒன்றுமில்லை என்ற எண்ணம்தான் அது. அப்படி யோசிக்காமல் கட்டி முடித்த இரண்டாம் வருடம் பழைய சுவரும் புதிய சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடும். ஐப்பசி மழையில் அந்த விரிசல் வழியாகக் கூடத்துக்குள் தண்ணீர் இறங்கும். வெளியிலிருந்து பார்த்தால் சன்ஷேடு ஒரு இடத்தில் உயர்ந்து, ஒரு இடத்தில் தாழ்ந்து தெரியும். அதன்மேல் எந்த நிற பெயின்ட் அடித்தாலும் அது இரண்டு வீடாகவே தெரியும்.

புதிய பகுதி பழைய வீட்டோடு ஒன்றிப்போவதை முடிவு செய்பவை நான்கு: எடை, மண், மட்டம், இணைப்பு. எலிவேஷன் எனப்படும் முகப்புத் தோற்றமும் டைல்ஸும் பெயின்ட்டும் அதற்குப் பிறகுதான். முதல் நான்கும் அஸ்திவாரக் குழி தோண்டுவதற்கு முன்பே காகிதத்தில் முடிவாகிவிட வேண்டும்.

அனுமதி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது

சென்னையில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்துவது 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். இதில் வீட்டுக்காரர் புரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

1. எஃப்.எஸ்.ஐ. எனப்படும் தளப் பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பது இது. உயரமான அடுக்குமாடி அல்லாத சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு 1.5 ஆக இருந்தது, 2019 விதிகளில் 2 ஆனது. ஒரு கிரவுண்டு மனையில் கணக்குப்படி 4,800 சதுர அடி வரை வரும். 1,200 சதுர அடி தரைத்தளம் மட்டும் உள்ள பழைய வீட்டுக்காரருக்கு இது பெரிய இடமாகத் தெரியும். ஆனால் 3,500 சதுர அடி என்ற சுயசான்று வரம்பு வேறு, இந்த 4,800 வேறு. வரம்பைத் தாண்டினால் வழக்கமான அனுமதி முறைக்குத்தான் போக வேண்டும்.

2. செட்பேக், அதாவது மனை எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய காலியிடம். சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். உயரம் கூடினால் விட வேண்டிய இடமும் கூடலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. தரைத்தளத்துக்குச் சரியாக இருந்த பக்க இடைவெளி, மேலே தளங்கள் வரும்போது போதாமல் போகக்கூடும்.

வரைபடத்தில் இப்போதுள்ள வீட்டையும் புதிதாக வருவதையும் சேர்த்தே காட்ட வேண்டும். அப்போதுதான் பழைய அங்கீகார வரைபடத்துக்கும் இன்று நிற்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசங்கள் வெளியே வரும். பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் பக்க இடைவெளியில் ஷீட் போட்டு இறக்கிய சமையலறையும், சாலைப்பக்கம் நீட்டிய போர்டிகோவும் இங்கேதான் சிக்கலாகும். கடற்கரையை ஒட்டிய பெசன்ட் நகர், திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை பகுதிகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து (கடல் நீர் ஏறி வரும் எல்லை) 500 மீட்டருக்குள் இருந்தால் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் சேர்ந்துகொள்ளும்.

அனுமதிக் கடிதம் நிலத்தின் பயன்பாட்டையும் அளவுகளையும் பற்றியது. உங்கள் பழைய சுவர் இன்னொரு மாடியைத் தாங்கும் என்று அது எங்கேயும் சொல்வதில்லை. சுயசான்று என்ற சொல்லின் பொருளே பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது என்பதுதான்.

எடை: ஒரு மாடி என்பது எத்தனை டன்?

600 சதுர அடியில் ஒரு மாடி எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் மட்டும் சுமார் 17 டன். சுற்றிலும் 100 அடி நீளத்துக்கு ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரம் என்றால் சுமார் 40 டன். தரை டைல்ஸ், மேலே மொட்டை மாடியில் போடும் சுர்க்கி (செங்கல் தூள் கலவை), தட்டோடு எல்லாம் சேர்ந்து 12 டன் என்று வையுங்கள். ஆட்களுக்கும் சாமான்களுக்கும் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்பது தர நிர்ணயக் கணக்கு. அது 11 டன். மொத்தம் 80 டன். இவ்வளவும் உங்கள் பழைய அஸ்திவாரத்தின்மேல்தான் இறங்கப்போகிறது.

அதைத் தாங்குமா என்பது பழைய வீடு எந்த வகை என்பதைப் பொறுத்தது. சென்னையில் பெரும்பாலும் மூன்று வகை இருக்கிறது.

முதலாவது மெட்ராஸ் டெர்ரஸ் வீடு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன், புரசைவாக்கம் தெருக்களில் இன்னும் நிற்கிறது. தேக்கு உத்தரங்களின்மேல் சிறிய மெல்லிய செங்கல்லைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் கோத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்த கூரை அது. அழகானது, குளிர்ச்சியானது, ஆனால் இன்னொரு மாடிக்காகக் கட்டப்பட்டதில்லை. இதன்மேல் செங்கல் சுவர் எழுப்பலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள். சில தெருக்களில் இரண்டு வீடுகளுக்கு ஒரே நடுச்சுவர் வேறு. அதில் கை வைப்பது அடுத்த வீட்டிலும் கை வைப்பதுதான்.

இரண்டாவது சுமைதாங்கும் சுவர் வீடு, மேஸ்திரிகள் லோடு பேரிங் என்பார்கள். 1960களிலிருந்து 1980கள் வரை கட்டிய தனி வீடுகளில் இதுதான் அதிகம். பில்லர் கிடையாது. ஒன்பது அங்குலச் சுவரே தளத்தைத் தாங்குகிறது, கீழே கருங்கல் அஸ்திவாரம். நல்ல மண்ணில் ஒழுங்காகக் கட்டியிருந்தால் ஒரு மாடி எடுக்க வாய்ப்புண்டு. ஆனால் மாடிச் சுவர் கீழ்ச் சுவருக்கு நேர் மேலே வர வேண்டும். கீழே கூடம், மேலே அதன் நடுவில் குறுக்குச் சுவர் என்று அறைகளைப் பிரித்தால், அந்தச் சுவரின் எடை முழுவதும் தளத்தின் நடுவில் உட்காரும்.

மூன்றாவது பில்லர், பீம் போட்ட வீடு. இதில் பலருக்கு நம்பிக்கை கொடுப்பது மொட்டை மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். "மாடிக்கு கம்பி விட்டிருக்கோம் சார்" என்பதை வலிமைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடல் காற்றில் இருபது வருடம் நின்ற கம்பி செதில் செதிலாக உதிரும். அதன் விட்டம் குறைந்திருக்கும். கான்கிரீட்டுக்குள் போகும் இடத்தில்தான் அரிப்பு மிக மோசமாக இருக்கும். அந்தக் கம்பியிலேயே புதிய கம்பியைக் கட்டி பில்லர் எழுப்புவது ஆபத்து. மேல் கான்கிரீட்டை உடைத்து நல்ல கம்பி எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் துளையிட்டு ரசாயனப் பசையில் புதிய கம்பியைப் பதிக்கும் முறைக்குப் போக வேண்டும். அதையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிட்டுத்தான் செய்ய வேண்டும்.

பழைய வீடு எந்த ஆண்டில் கட்டியது என்பதும் முக்கியம். பூகம்ப வரைபடத்தில் சென்னை முன்பு 2ஆம் மண்டலத்தில் இருந்தது. 2001 புஜ் பூகம்பத்துக்குப் பிறகு, 2002இல் வந்த இந்தியத் தர நிர்ணயத்தில் 3ஆம் மண்டலத்துக்கு ஏற்றப்பட்டது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம் 20 தரம் வேண்டும் என்பதும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456இன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்ததுதான். அதற்கு முன் அதைவிட வலிமை குறைந்த எம் 15 போதும் என்றிருந்தது. ஆகவே 1990இல் எல்லா விதிகளையும் மதித்துக் கட்டிய வீடாக இருந்தாலும், இன்றைய கணக்கில் அது பின்தங்கியே இருக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அஸ்திவாரத்தின் அருகே இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டி அதன் ஆழத்தையும் அகலத்தையும் நேரில் அளப்பது முதல் வேலை. கான்கிரீட்டின் தரத்துக்கு மேற்பரப்பில் தட்டிப் பார்க்கும் ரீபவுண்டு சுத்தியல் சோதனையும், ஒலியலையைச் செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனையும் உண்டு, இரண்டுக்கும் கட்டடத்தை உடைக்க வேண்டாம். கட்டுமானச் செலவோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு மிகச் சிறியது. இதை மிச்சம் பிடிப்பது எனக்குச் சம்மதமே இல்லை.

தாங்காது என்று தெரிந்தால் வழி இல்லாமல் போய்விடாது. செங்கல்லுக்குப் பதில் ஏ.ஏ.சி. எனப்படும் எடை குறைந்த பிளாக் போட்டால் மேலே சொன்ன 40 டன் சுவர் 12 டன் அளவுக்கு இறங்கிவிடும். இன்னொரு வழி, பழைய வீட்டுக்கு வெளியே தனி பில்லர்களைத் தரையிலிருந்தே எழுப்பி, பழைய சுவரைத் தொடாமல் மேலே மாடியை நிறுத்துவது. செலவு அதிகம், ஆனால் மெட்ராஸ் டெர்ரஸ் வீட்டைக் காப்பாற்றிக்கொண்டே இடமும் சேர்க்க விரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே நேர்மையான பதில். மொட்டை மாடியில் இரும்புச் சட்டம் போட்டு ஷீட் கூரை அமைப்பது எடையில் மிகக் குறைவு. ஆனால் காற்று அதைக் கீழிருந்து மேலே தூக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்த ஊர் இது. சட்டத்தின் அடித்தகட்டைத் தளத்தில் நாலு போல்ட்டோடு விட்டுவிடாமல் கணக்குப் போட்டுப் பிடிக்க வேண்டும்.

மண்: பழையது உட்கார்ந்துவிட்டது, புதியது இனிமேல்தான் உட்காரும்

பக்கவாட்டில் அறை சேர்ப்பவர்களுக்கு இதுதான் முக்கியமான பகுதி.

எந்தக் கட்டடமும் கட்டி முடித்தபின் தன் எடையால் கொஞ்சம் இறங்கும். முப்பது வருட வீடு இறங்க வேண்டியதை இறங்கி நின்றுவிட்டது. அதன் பக்கத்தில் புதிதாக எழும் அறை இனிமேல்தான் இறங்கப் போகிறது. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துக் கட்டினால் புதியது இறங்கும்போது பழையதை இழுக்கும். சேரும் இடத்தில் செங்குத்தாகவோ சாய்வாகவோ விரிசல் விழும். பூச்சு வேலை சரியில்லை என்று மேஸ்திரியைக் குறை சொல்லி மறுபடி பூசுவார்கள். மறுபடியும் அங்கேயே விரியும்.

எவ்வளவு இறங்கும் என்பது ஊரிலேயே இடத்துக்கு இடம் மாறும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பட்டையில் மணல். மணலில் இறக்கம் கட்டும்போதே பெரும்பாலும் முடிந்துவிடும். அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற உட்பகுதிகளில் களிமண் அதிகம். களிமண் மாதக்கணக்காக, சில சமயம் வருடக்கணக்காக மெதுவாக இறங்கும். அதோடு மழைக்காலத்தில் உப்பி, சித்திரை வெயிலில் சுருங்கும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய வேளச்சேரிப் பக்கம் இன்னும் இளகிய மண். பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் போனால் கொஞ்ச ஆழத்திலேயே பாறை. பக்கத்துத் தெருவில் நாலடி தோண்டினார்கள் என்பதை வைத்து உங்கள் மனையில் முடிவெடுக்க முடியாது. மண் பரிசோதனை அவசியம்.

இதற்கான விதிகள் இவை:

1. புதிய பகுதிக்குத் தனி அஸ்திவாரம், தனி பில்லர். பழைய அஸ்திவாரத்தின்மேல் புதிய சுவரை ஏற்றி நிறுத்தக் கூடாது.

2. பழைய அஸ்திவாரத்தை ஒட்டி, அதன் அடிமட்டத்தைவிட ஆழமாகத் தோண்டக் கூடாது. ஆழம் தேவைப்பட்டால் தள்ளிப்போய்த் தோண்டி, அங்கிருந்து பீமை நீட்டிக்கொண்டு வரலாம். ஒட்டியே தோண்டியாக வேண்டிய இடத்தில் முழு நீளத்துக்கும் ஒரே நாளில் தோண்டாமல், சிறு சிறு துண்டுகளாகத் தோண்டி, ஒன்றை நிரப்பிய பிறகு அடுத்தது என்று போக வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

3. இரண்டு கட்டடங்களுக்கும் நடுவே சுமார் ஓர் அங்குல இடைவெளி. இதை ஜாயின்ட் என்பார்கள். சுவர், தளம், கைப்பிடிச் சுவர் எல்லாவற்றிலும் ஒரே நேர்க்கோட்டில் அந்த இடைவெளி தொடர வேண்டும். சுவரில் விட்டுவிட்டுத் தளத்தில் இணைத்துவிட்டால் விட்டதற்குப் பயனில்லை.

மூன்றாவது விதியை வீட்டுக்காரர்கள் ஏற்பதுதான் கடினம். "நடுவில் இடைவெளி விட்டால் இரண்டு வீடு மாதிரி ஆகிவிடாதா?" என்று கேட்பார்கள். இடைவெளி விடாத சுவர் தன் இஷ்டத்துக்குக் கோணலாக விரியும், யார் கண்ணுக்கும் தெரியும். நேராக விட்ட ஜாயின்ட்டை ஒரு பட்டையால் மூடி, கதவு நிலையின் ஓரத்திலோ சுவர் மடியும் மூலையிலோ ஒளித்துவிடலாம். அது கண்ணில் படவே படாது.

மட்டம்: தோற்றம் முடிவாகும் இடம்

ஒரு வீட்டை ஒரே வீடாகக் கண் ஏற்றுக்கொள்வது அதன் கிடைக்கோடுகளால்தான். பேஸ்மட்டம் (வீட்டின் தரை நிற்கும் உயரம்), ஜன்னலின் அடிமட்டம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை), சன்ஷேடு, தளம், கைப்பிடிச் சுவர் என்று ஆறு கோடுகள். இவை புதிய பகுதியிலும் அறுபடாமல் ஓடினால் சுவரின் நிறம் கொஞ்சம் மாறினாலும் குறையாகத் தெரியாது.

சென்னையில் இதைக் கெடுப்பது சாலை. தார் போடப் போடச் சாலை உயர்ந்து, பல தெருக்களில் பழைய வீட்டின் வாசற்படி சாலைக்குக் கீழே போய்விட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்தவர்கள் புதிய அறையின் தரையை உயர்த்த வேண்டும் என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் ஒன்றரை அடி உயர்த்தியதும் மேலே சொன்ன ஆறு கோடுகளும் ஒன்றரை அடி ஏறிவிடும். பழைய வீட்டில் தரையிலிருந்து ஏழடியில் லிண்டல். புதிய அறையிலும் ஏழடி வைத்தால் வெளியிலிருந்து பார்க்க அது எட்டரை அடியில் நிற்கும், சன்ஷேடு கோடு உடைந்துவிடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு, எதிலும் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

ஒன்று, புதிய தரையையும் பழைய மட்டத்திலேயே வைப்பது. தோற்றத்துக்கு இதுதான் சிறந்தது, வயதானவர்களுக்கும் வசதி. வெள்ளம் வராத தெருவில் இதைத் தயங்காமல் செய்யலாம். வெள்ளம் வரும் தெருவில் புதிய பகுதியைக் கீழே இல்லாமல் மாடியில் எடுப்பதே மேல்.

இரண்டு, பழைய தரையையும் மண் நிரப்பி உயர்த்துவது. பழைய வீட்டின் உயரம் பன்னிரண்டடி இருந்தால் ஒன்றரை அடி போனாலும் பத்தரை மிஞ்சும். பத்தடி வீட்டில் எட்டரைதான் மிஞ்சும். மின்விசிறி தலைக்கு மேல் நெருக்கும், எல்லாக் கதவு நிலைகளையும் பெயர்த்து உயர்த்த வேண்டும், ஜன்னல் முழங்காலுக்கு வந்துவிடும்.

மூன்று, வித்தியாசத்தை மறைக்காமல் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்குவது. ஒன்றரை அடிக்கு ஆறு அங்குலப் படி மூன்று. பழைய வீட்டுக்கும் புதிய அறைக்கும் நடுவே ஒரு சிறு தாழ்வாரம் வைத்து, படிகளை அதற்குள் கொண்டுவந்து, வெளியில் அந்தத் தாழ்வாரத்தின் சுவரை இரண்டடி உள்வாங்கிவிடலாம். அந்த இடம் நிழலில் விழும். கோடுகள் உடைவது நிழலுக்குள் நடப்பதால் கண் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாது. ஜாயின்ட்டும் அங்கேயே வந்துவிடும். பக்கவாட்டில் சேர்க்கும் வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. முகப்புச் சுவரை வெட்டுத் தெரியாமல் ஒரே நேராக நீட்ட முயல்வதுதான் அடிக்கடி தோற்கிற முறை. முப்பது வருடப் பூச்சும் மூன்று மாதப் பூச்சும் ஒரே தளத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், சாய்ந்த மாலை வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். பழைய சட்டையில் புதுத்துணி ஒட்டுப் போட்டதுபோல.

எப்படியானாலும் ஒரு வீட்டுக்குள் இரண்டு மூன்று அங்குல உயர வித்தியாசத்தை மட்டும் விட்டுவைக்கக் கூடாது. முழுப் படி என்றால் கால் அதை உணரும். அரைகுறைப் படியில்தான் பெரியவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

மாடி எடுப்பவர்கள் பார்க்க வேண்டியது ஜன்னல்கள். மேல் ஜன்னல் கீழ் ஜன்னலுக்கு நேர் மேலே, அதே அகலத்தில் வரட்டும். சுமைதாங்கும் சுவரில் இது வலிமைக்கும் நல்லது, திறப்புகளுக்கு இடையே உள்ள சுவர்த்துண்டு அறுபடாமல் கீழே வரை எடையைக் கொண்டுசெல்லும்.

இணைப்பும் மழையும்

சென்னையின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. ஆண்டு சராசரி சுமார் 1,400 மில்லிமீட்டர். பக்கவாட்டில் சேர்த்த 600 சதுர அடிப் புதிய கூரையில் இது வருடத்துக்குச் சுமார் 78,000 லிட்டர். முன்பு மண்ணில் விழுந்து ஊறிய தண்ணீர் அது. இப்போது குழாய் வழியாக ஏதோ ஓர் இடத்துக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். பழைய வீட்டின் சேகரிப்புக் குழி பழைய கூரைக்காகப் போட்டது, புதிய கூரைக்குத் தனிக் குழாயும் குழியும் கணக்கில் சேர வேண்டும்.

பழைய தளமும் புதிய தளமும் சந்திக்கும் ஓர் அங்குல இடைவெளியைக் கலவை வைத்து அடைப்பது வீண்வேலை. அடுத்த கோடையில் அது பிளக்கும். மொட்டை மாடியில் ஜாயின்ட்டின் இரு ஓரத்திலும் ஆறு அங்குல உயரத்துக்குச் சிறு வரப்புச் சுவர் எழுப்பி, மேலே ஒரு மூடியை ஒரு பக்கம் மட்டும் பதித்து மறுபக்கம் சும்மா உட்காரும்படி வைக்க வேண்டும். இரு கட்டடங்களும் தனித்தனியாக அசைய இடம் கிடைக்கும், தண்ணீருக்கு வழி கிடைக்காது. இரு தளங்களின் வாட்டமும் (தண்ணீர் ஓடும் சரிவு) ஜாயின்ட்டிலிருந்து எதிரெதிர்ப் பக்கமாக விலகிப்போக வேண்டும். செங்குத்துச் சுவரில் இடைவெளிக்குள் நெகிழும் பட்டையும், அதன்மேல் ரப்பர்போல் இழுபடும் சீலன்டும் வைப்பார்கள். வெயிலில் அதன் ஆயுள் குறைவு, சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும்.

பொருட்கள்: எதை ஒத்துப்போகச் செய்வது, எதை விட்டுவிடுவது

பழைய வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு இருந்தால் அதன்மேல் சிமென்ட் பூசி "ஒரே மாதிரி" ஆக்கக் கூடாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். அடியிலிருந்து ஏறும் ஓதம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். பழைய சுவருக்குச் சுண்ணாம்பு, புதிய சுவருக்குச் சிமென்ட், இரண்டுக்கும் ஒரே நிறம் என்று போவதே சரி.

தரையில் 1970களின் மொசைக், அதற்கு முந்தைய ரெட் ஆக்சைடு ஆகியவற்றை அதே நிறத்தில் மறுபடி கொண்டுவருவது ஏறக்குறைய முடியாத காரியம். சில்லின் அளவு, சிமென்ட்டின் நிறம், பல வருடம் கால் பட்டு வந்த மெருகு எல்லாம் சேர்ந்தது அது. அருகே அருகே வைத்து ஒப்பிட வைக்காமல், வாசலில் ஒரு கடப்பா கல் பட்டை கொடுத்து அங்கே நிறுத்திவிட்டு, அடுத்த அறையில் அதே குடும்பத்து நிறத்தில் வேறு தரை போடலாம். சுலபமாக ஒத்துப்போகச் செய்யக்கூடியவை ஜன்னல் கம்பிக் கட்டத்தின் வடிவம், கைப்பிடிச் சுவரின் அமைப்பு, சன்ஷேடின் கனம், கதவின் விகிதம். இவற்றை அளந்து அப்படியே திருப்பிச் செய்யுங்கள். செலவும் அதிகமில்லை, பலன் பெரிது. பழைய வீட்டில் எடுக்கப்போகும் தேக்கு ஜன்னலை விற்காமல் புதிய முகப்பில் வைத்தால் வீட்டின் வயது இரு பகுதிக்கும் பொதுவாகிவிடும்.

காற்றும் தரைக்கடியும்

சென்னையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்கம் புதிய அறையை ஒட்டினால் பழைய கூடத்துக்கு மூச்சு அடைத்துவிடும். வேறு இடமே இல்லையென்றால் நடுவே சிறு முற்றம் விடலாம். மேற்கில் சேர்க்கும் அறை பழைய வீட்டுக்கு வெயில் மறைப்பாகும், ஆனால் அந்த அறையே சூட்டை வாங்கிக்கொள்ளும். குளியலறை, மாடிப்படி, சாமான் அறையை அங்கே வைப்பது நல்லது.

பக்க இடைவெளியில் என்ன புதைந்திருக்கிறது என்று வரைபடம் போடும் முன் பார்க்க வேண்டும். கழிவுநீர்க் குழாயும் சேம்பரும், சம்ப், போர்வெல் எல்லாம் அங்கேதான் இருக்கும். சேம்பரின்மேல் அறை கட்டினால் அடைப்பு வரும் நாளில் படுக்கையறைத் தரையை உடைக்க வேண்டியிருக்கும். போர்வெல்லைச் சுற்றிச் சுவர் எழுப்பிவிட்டால், பின்னாளில் குழாயை உருவவும் ஆழப்படுத்தவும் வண்டி உள்ளே வர முடியாது. குழாய்களை முதலில் இடம் மாற்றி, ஒரு வாரம் ஓடவிட்டுப் பார்த்துவிட்டு அஸ்திவாரத்துக்குப் போங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டியவை

சதுர அடிக்கு இத்தனை ரூபாய் என்ற ஒற்றை வரி ஒப்பந்தம் புது வீட்டுக்கே போதாது, கூடுதல் கட்டுமானத்துக்குச் சுத்தமாகப் போதாது. செலவு ஏறும் இடமே இணைப்புகளில்தான், அவற்றுக்குச் சதுர அடி கிடையாது.

1. கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தோடு பழைய வீட்டின் நிலை அறிக்கையும் புதிய பகுதியின் கம்பி விவரமும்.

2. ஆறு மட்டங்களையும் பழையது, புதியது என்று எண்களில் காட்டும் ஒரு குறுக்குவெட்டு வரைபடம். தளம் போடும் முன் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்து அந்த எண்களைச் சரிபார்க்க வேண்டும்.

3. ஜாயின்ட் எங்கே வருகிறது, எதனால் மூடப்படுகிறது என்ற தனி விவரப்படம்.

4. இடிப்பு, பழைய சுவரில் திறப்பு, குழாய் மாற்றம் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை. பழைய சுவரில் கதவுக்குத் திறப்பு எடுக்கும்போது முதலில் மேலே முட்டுக்கொடுத்து, லிண்டலைப் போட்டு, அது இறுகிய பிறகே கீழே உடைக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

5. வெளிப்பூச்சின் இறுதி பெயின்ட் ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு. புதிய பூச்சில் மயிரிழை விரிசல்கள் அதற்குள் வந்து முடிந்திருக்கும், அவற்றை அடைத்துவிட்டுப் பழைய பகுதியோடு சேர்த்து முழு வீட்டுக்கும் ஒரே தடவையில் அடிக்கலாம். அதுவரை பிரைமர் போதும்.

6. மொத்தத் தொகையில் ஒரு பகுதியை அந்த மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்கும் உரிமை. ஜாயின்ட்டில் ஒழுகுகிறதா என்பதைக் கார்த்திகை மழைதான் சொல்லும். டிசம்பர் கடைசியில் மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு மொட்டை மாடியிலிருந்து கீழ் அறைவரை ஜாயின்ட் ஓடும் கோட்டை முழுவதும் பார்த்து, ஈரம் இல்லையென்றால் பாக்கியைக் கொடுத்துவிடலாம்.